பழைய கணினிகளில் லினக்சு: பழுதறிதலும் சீர்செய்தலும்

யூனிக்சு வழிவந்த இயங்குதளங்களுள் ஒன்றான லினக்சு, வயதான கணினிகளையும் பயன்பாட்டில் வைத்திருக்க உதவுகிறது. எனினும் பழைய வன்பொருளில் எழும் சிக்கல்கள் பல நேரங்களில் இயங்குதளத்தின் குறையாகவே எண்ணப்படுகின்றன. கோளாறு வன்பொருளிலா மென்பொருளிலா எனப் பிரித்தறிந்து, தரவை இழக்காமல் சரிசெய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியின் தட்பவெப்பத்தையொட்டி எழும் சிக்கல்களும் இதில் இடம்பெறுகின்றன.

பின்னணி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் அவற்றைக் கொள்முதல் செய்தது. அம்மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய இயங்குதளம். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோசு எக்சு.பி.க்கான ஆதரவு முடிந்தபோதும், பழைய கணினிகளுக்கு மாற்றாக லினக்சு பேசப்பட்டது. அக்கால மலிவு விலை மடிக்கணினிகளில் 2 ஜிபி நினைவகமே வழக்கம். தட்டச்சுப் பயிற்சி, பாட ஆவணங்கள், நிரலாக்கம் ஆகியவற்றுக்கு அது இன்றும் போதும்.

சாரலும் கணினியும்

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைத் தருகிறது. அக்காலத்தில் காற்றில் ஈரப்பதம் மிகும். நெடுநாள் மூடிவைத்த கணினியில் நினைவக அட்டையின் தொடுமுனைகள் மங்கி, திரை வராமல் "பீப்" ஒலி மட்டும் கேட்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றிய பின் அட்டையை எடுத்து, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை நீக்கி மீண்டும் பொருத்த வேண்டும். பெரும்பாலும் இதுவே போதும். குளிர்ந்து ஈரம் படிந்த கணினியை, நன்கு உலர்ந்த பிறகே இயக்க வேண்டும்.

முதல் சோதனை

கணினி தொடங்கி, ஆனால் லினக்சு வரவில்லையெனில், முதலில் ஒரு பென்டிரைவிலிருந்து நேரடி லினக்சை இயக்கிப் பார்க்க வேண்டும். அது ஒழுங்காக இயங்கினால் செயலி, நினைவகம், திரை ஆகியவை பெரும்பாலும் நலமாக உள்ளன. வன்தட்டிலோ நிறுவலிலோதான் சிக்கல். அதுவும் இடையில் உறைந்தால் நினைவகச் சோதனை மென்பொருளை ஓரிரவு ஓடவிடலாம். சிறிது நேரம் ஓடியபின் தானே அணைந்தால், விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, கிரப் பட்டியலில் "ஈ" விசையை அழுத்தி, "லினக்ஸ்" எனத் தொடங்கும் வரியிலுள்ள "குவயட்", "ஸ்பிளாஷ்" ஆகிய சொற்களை நீக்கிவிட்டு எஃப்10 விசையால் தொடங்கலாம். அப்போது படத்துக்குப் பதிலாகக் கருநிரலின் செய்திகள் ஓடும். கணினி எங்கே நிற்கிறது என்பதைக் கடைசி வரிகள் காட்டும். இம்மாற்றம் அந்த ஒரு முறைக்கே பொருந்தும். எதையும் நிலையாக மாற்றாது.

அடிக்கடி நேரும் சிக்கல்கள்

பதிப்புப் பொருத்தமின்மை: 2008இல் வந்த இன்டெல் ஆட்டம் என்270 போன்ற செயலிகள் 32 பிட் மட்டுமே ஏற்பவை. 64 பிட் பதிப்பை அவற்றில் இயக்க முடியாது. டெபியனின் 12ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவி கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் அது இல்லை. எனவே பதிவிறக்கும் முன் செயலியின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாள் பிழை: தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். அதனால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்கா. மென்பொருள் இற்றைப்படுத்தலும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கப்படும். இணையம் பழுது என்று பலர் எண்ணுவது இங்கேதான். நாளைத் திருத்தினால் உடனே சரியாகும்; மின்கலத்தை மாற்றினால் நிலையாகத் தீரும். மேசைக்கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 வகை மின்கலமே இருக்கும்.

கறுப்புத் திரை: பழைய வரைகலைச் சில்லுகளில் தொடக்கத்தின்போது திரை கறுத்துவிடலாம். மேற்சொன்ன அதே வரியின் இறுதியில் "நோமோட்செட்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தொடங்கிப் பார்க்கலாம்.

வைஃபை இல்லாமை: சில பழைய வைஃபை அட்டைகளுக்குத் தனி நிலைபொருள் தேவை. அதைப் பதிவிறக்க இணையம் வேண்டுமே! ஆண்டிராய்டு பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால் வேலை முடியும்.

வேகக் குறைவு: எக்சுஎஃப்சிஇ, எல்எக்சுகியூடி போன்ற எளிய திரைச்சூழல்களைத் தேர்ந்தெடுக்கலாம். நினைவகத்தை 4 ஜிபியாக்குவதும், வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் நல்ல பயன் தரும்.

தரவே முதன்மை

மின்தடையால் கணினி திடீரென அணைந்தால் கோப்பு முறைமை சிதையக்கூடும். அப்போது லினக்சு முழுமையாக ஏறாமல் ஒரு கட்டளை வரியில் நிற்கும். எஃப்.எஸ்.சி.கே. என்னும் கட்டளை இதைச் சரிசெய்யும். ஆனால் அதை இயக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: சிதைந்தது கோப்பு முறைமையா, வன்தட்டேயா? கருநிரல் செய்திகளில் "ஐ/ஓ எரர்" என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வந்தாலோ, வன்தட்டில் "கடக் கடக்" என ஒலி கேட்டாலோ வன்தட்டு தேய்ந்துவருகிறது என்று பொருள். அந்நிலையில் பழுதுநீக்கும் கட்டளை, தட்டை மேலும் உழைக்கச் செய்து எஞ்சியதையும் கெடுத்துவிடலாம். நேரடி லினக்சில் தொடங்கி, செய்முறை ஏடு, புகைப்படம், சான்றிதழ் நகல் போன்றவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். தட்டு நலமாக இருந்தால் மட்டுமே எஃப்.எஸ்.சி.கே.யை இயக்கலாம். அப்போதும் அப்பகுதி பயன்பாட்டில் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது.

இயங்குதளத்தை மறுபடி நிறுவ ஒரு மணி நேரம் போதும். அழிந்த கோப்புகளை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆகவே படியெடுத்தல், வன்பொருள் சோதனை, மென்பொருள் திருத்தம், மறுநிறுவல் என்பதே சரியான வரிசை.