யூஎஸ்பி கருவி தெரியவில்லையா? ஃபார்மேட் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி நம் மஹல்லாவில் பல வீடுகளிலும் கடைகளிலும் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்களில் சிலர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரே குறையோடு வருகிறார்கள். நேற்று வரை வேலை செய்த ஹார்ட் டிஸ்க் இன்று கணினியில் தெரியவில்லை என்கிறார்கள். சிலருக்குப் பிரிண்டர், சிலருக்குக் கைரேகைக் கருவி.

தெரியவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் உள்ளே இருப்பவை பத்திரமாகவே இருக்கும். பதற்றத்தில் நாம் அழுத்தும் ஒரு பொத்தான்தான் அவற்றை அழிக்கிறது. டிஸ்க்கைச் செருகியதும், "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று சில நேரம் ஒரு பெட்டி தோன்றும். அதில் கேன்சல் மட்டும் கொடுங்கள். டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கத்தை விண்டோஸால் படிக்க முடியாதபோதுதான் அப்படிக் கேட்கிறது. ஒரு கிதாபின் பொருளடக்கப் பக்கம் கிழிந்துவிட்டால் கிதாபு போய்விட்டதாகுமா? ஃபார்மேட் கொடுத்தால் அந்த இடத்தில் வெற்றுப் பொருளடக்கம் எழுதப்படும். முழு ஃபார்மேட் என்றால் எல்லாப் பக்கங்களும் துடைக்கப்படும். 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மவுத்தாகிவிட்ட வாப்பாவின் குரல் பதிவு, பிள்ளைகளின் உதவித்தொகைக்கான சான்றிதழ்கள், நிக்காஹ் பதிவேட்டின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் இன்று இப்படி ஒரு சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. வக்ஃப் பத்திரங்களை ஸ்கேன் செய்து ஒரே பென்டிரைவில் வைத்திருக்கும் நிர்வாகிகளும் உண்டு. அது அவர்களுடைய சொந்தப் பொருளல்ல, அமானிதம்.

இனி சரிபார்க்கும் முறை. முதலில் கணினியை ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுபடி அதையே எடுக்கும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். அடுத்து, கருவியை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளலாம்.

பிறகு கேபிள். சில மலிவான கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் கம்பி இருக்காது. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரமும் போதுமான அளவு வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0 துளை 900 தரும். ஆகவே ஹப் வழியாகச் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத் துளையே நல்லது. டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது விண்டோஸ் கோளாறல்ல, டிஸ்க்கின் உட்கோளாறு. திரும்பத் திரும்பச் செருகினால் மீட்கும் வாய்ப்பு குறையும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பிரச்சினை விண்டோஸ் பக்கம். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. (டிரைவர் என்பது கருவி பேசுவதை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள்.) ஆகவே இவை தெரியாவிட்டால், டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். அங்கே உங்கள் டிஸ்க் இருந்து, இ, எஃப் போன்ற எழுத்து மட்டும் இல்லையென்றால், அதன்மேல் வலது கிளிக் செய்து எழுத்தைச் சேருங்கள். கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. ஆனால் 'ரா' என்றோ 'அன்அலொகேட்டட்' என்றோ காட்டினால் அத்தோடு நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி போன்றவற்றின் கதை வேறு. இவற்றில் பலவற்றுக்குத் தயாரித்த நிறுவனத்தின் டிரைவர் தனியே வேண்டும். ஸ்டார்ட் வலது கிளிக்கில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்தால், பிரச்சினையுள்ள கருவியின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஓர் எண் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் கருவி ஏதோ கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கருவியைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து மீண்டும் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். இந்த அன்இன்ஸ்டால் கோப்புகளை அழிக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் பட்டியலில் 'ஹோஸ்ட் கன்ட்ரோலர்' என்று இருப்பதைத் தொட வேண்டாம். தொட்டால் மவுஸும் கீபோர்டும் சேர்ந்து நின்றுபோகலாம்.

சரியாகவில்லையென்றால் விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் விண்டோஸ் 11-க்கான டிரைவரைத் தேடுங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட் மட்டுமே என்பதால், 32-பிட் டிரைவர் மட்டும் உள்ள மிகப் பழைய கருவி அதில் ஓடாது. 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதியும் சில பழைய டிரைவர்களைத் தடுக்கும். கருவி ஓட வேண்டும் என்பதற்காக அதை அணைத்துவைப்பது, வங்கி வேலையும் அதே கணினியில் செய்பவர்களுக்கு நல்லதல்ல.

மாறி 10 நாள் ஆகவில்லையென்றால், செட்டிங்ஸில் 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். அந்தத் தவணை கடந்தால் சாதாரணமாக அந்த வழி மூடிவிடும். மாறுவதற்கு இன்னும் காத்திருப்பவர்கள், கோப்புகளை இரண்டாவது ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள்.

டிஸ்க்கைக் கடையில் கொடுக்க வேண்டி வந்தால், வீட்டுப் பெண்களின் படங்களும் அதில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கூடவே இருந்து பார்த்து, வேலை முடிந்ததும் கடைக் கணினியில் எடுத்த நகலை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போகத் தயங்கும் சகோதரிகள் டிஸ்க்கோடு கேபிளையும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், உங்கள் முன்னிலையிலேயே பார்த்துத் தருகிறோம்.