நீலநாக்கு அரணைக்குப் பசிக்கவில்லையா?

நம்மூர் அரணைக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உறவு உண்டு. நீல நாக்கை நீட்டி எதிரியை மிரட்டும் நீலநாக்கு அரணை! அங்கே பலர் இதை வீட்டில் வளர்க்கிறார்கள்.

தீனியை ஒதுக்கினால் முதலில் கூண்டின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். வெயில் காயும் இடத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டால், தின்றது செரிக்காது. குளிர்காலத்திலும் தோல் உரிக்கும்போதும் பசி குறைவது இயல்பே. கால்சியமும் புற ஊதா ஒளியும் குறைந்தால் எலும்பு வலுவிழந்து வளையும்.

காய், இலை, பூச்சி, நத்தை எல்லாம் தின்னும். வெங்காயமும் வெண்ணெய்ப்பழமும் ஆகாது. விஷம் வைத்த தோட்டத்து நத்தையும் ஆபத்து.

உடல் மெலிந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலோ, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயில்லா ஜீவன்; கவனிப்பது நம் பொறுப்பு!