மரவள்ளி மாவும் நீல நிறமும்

கள்ளக்குறிச்சிப் பகுதியில் மரவள்ளியை அறியாதார் எவருமிலர். கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலை மீது ஏறினால் அங்கும் அதுவே பயிர். அக்கிழங்கின் மாவு ஜவ்வரிசியாகிறது. பாவுக்கு இடும் கஞ்சியாகவும் உதவுகிறது. அம்மாவின் மேல் ஒரு துளி அயோடின் பட்டால் கருநீலம் தோன்றும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். தறியில் இருப்போரும் ஏரில் இருப்போருமாகிய நம் அங்கத்தினர் இரு சாராருக்கும் இந்த நீலம் எவ்வாறு பயன்படும் என்பதை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. உலோகங்களுடன் கூடி உப்பை ஈனுவதால் இவற்றிற்கு உப்பீனிகள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எலெக்ட்ரானின் மீது பசி உண்டு. புளோரினுக்கு அப்பசி மிகப் பெரிது. வரிசையில் கீழிறங்க இறங்கக் குறையும். ஆதலின் அயோடைடு கரைந்த நீரில் குளோரின் புகுந்தால், அயோடைடிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு தான் குளோரைடாகிறது. அயோடின் தனித்து வெளிப்படுகிறது. அயோடினோ குளோரைடை அவ்வாறு பறிக்க வலிமையற்றது.

நெசவாளர் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1774-இல் ஷீலே குளோரினைக் கண்டார். 1785 அளவில் பெர்த்தொலே அதனால் துணி வெளுக்கலாமென்று காட்டினார். 1799-இல் டென்னண்ட் சலவைத் தூளுக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன் ஐரோப்பாவில் துணி வெளுக்க மாதக் கணக்கில் வெயிலில் விரிப்பார்களாம். நம் வண்ணார் உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு அதனை விரைவில் முடித்தனர் என்பது வேறு கதை!

சலவைத் தூள் அழுக்கு நிறத்தைத் தின்னும்; அளவு மீறினால் நூலையும் தின்னும். தொட்டி நீர் காரத்தன்மையுடன் இருக்கும் வரை நூலுக்குக் கேடு குறைவு. காரம் குன்றி நடுநிலைக்கு வந்துவிட்டால் பருத்தி இழை வெகு விரைவில் நைந்துபோகும். அலசிய பின்னும் சிட்டத்தில் தங்கிய குளோரின், நாட்பட நூலை மஞ்சளாக்கி, பாவு ஓட்டும்போது இழை அறச் செய்யும். கூலி தறியில் போவது இப்படித்தான்.

இதனைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சிட்டிகை மரவள்ளி மாவை நீரில் காய்ச்சி ஆறவைத்து, பொட்டாசியம் அயோடைடு சிறிதும் வினிகர் சில துளியும் சேர்க்கவும். கடைசி அலசல் நீரில் சிறிதளவை ஒரு கிண்ணத்தில் எடுத்து இதனை விடுக. நீலம் கண்டால் குளோரின் இருக்கிறது. முன்னாளில் புகைப்படக்காரர் வெள்ளி புரோமைடைக் கரைக்கப் பயன்படுத்திய ‘ஹைப்போ’வைச் சிறிதளவு நீரில் கரைத்து நூலை நனைத்து, மறுபடி அலசினால் தீர்ந்தது. இக்கரைசல் வைத்திருந்தால் காற்றுப் பட்டுத் தானே நீலமாகிவிடும். அன்றன்று செய்துகொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சலவைத் தூள் கரைத்த தொட்டியில் அமிலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. தூளிலுள்ள ஹைப்போகுளோரைட்டும் குளோரைடும் அமிலத்தால் ஒன்றையொன்று தாக்கிக் குளோரின் வாயுவாக எழும். அது காற்றினும் கனமானது. தொட்டியின் அடியிலும் தாழ்ந்த அறைகளிலும் தேங்கி, குனிந்து வேலை செய்பவரின் மூச்சை அடைக்கும்.

இனி மலையில் வாழும் அங்கத்தினர் காரியம். நெடுங்கால மழை மலை மண்ணிலுள்ள அயோடைடைக் கரைத்துச் செல்வதால், மலைப் பிரதேசங்கள் பலவற்றில் விளையும் உணவில் அயோடின் குறைந்திருக்கும். அது குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் சயனைடை வெளியிடுகிறது. உடல் அதனைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. இது அயோடைடை ஒத்திருப்பதால் கழுத்துச் சுரப்பியின் வாயிலில் அதனோடு போட்டியிட்டுத் தடுக்கிறது. மரவள்ளியை மிகுதியாக உண்பவருக்கு அயோடின் உப்பு இரட்டிப்பு அவசியம் என்பது இதனால்தான். நம் நாட்டில் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் 1962-இலேயே தொடங்கியது.

இங்கு உப்பில் கலப்பது அயோடைடு அன்று, அயோடேட்டு. ஈரக் காற்றிலும் அது நிலைத்து நிற்கும். ஆகவே வெறும் சோற்றில் உப்பைத் தூவி, நீலம் வரவில்லையென்று கடைக்காரரை நோவது முறையன்று. மேற்கூறிய அதே கரைசலை உப்பின் மேல் விட்டால், அயோடேட்டும் அயோடைடும் வினிகரின் புளிப்பில் கூடி அயோடினைத் தரும், நீலம் தோன்றும். வினிகருக்கு மாற்றாக எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாம்; அதிலுள்ள வைட்டமின் ‘சி’ நீலத்தை அழித்துவிடும்.

சங்கத்துப் பண்டகசாலையில் வரும் ஒவ்வொரு உப்பு மூட்டையையும் இவ்வாறு பார்க்கலாம். செலவு சில காசுகளே. வீட்டிலோ, உப்பை மூடிய பாத்திரத்தில் அடுப்புக்கு எட்ட வைக்கவும். கிழங்கைத் தோலுரித்து நறுக்கி ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் மூடாமல் வேகவைக்கவும்; சயனைடின் பெரும்பகுதி நீரோடும் ஆவியோடும் போய்விடும்.