முதலில் பின்சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்

லோட்டஸ் எலீஸ் கார் வாங்கியவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது குதிரைசக்தியைப் பற்றித்தான். இங்கிலாந்தின் நார்விச்சில் மென்பொருள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரும் அதையேதான் கேட்டார். "ஏனுங்கண்ணா, இதுக்கு சூப்பர்சார்ஜர் போட்டா எவ்வளவு ஆகும்?" கார் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஸ்நெட்டர்டன் பந்தயத்தடத்தில் ஒரு நாள் ஓட்டுவதற்குப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. முதல்ல வண்டியை ஜாக்கியில ஏத்துவோம்" என்றேன்.

பின்பக்கம் தரையைவிட்டு எழும்பியதும் இடது பின்சக்கரத்தின் முன், உட்கார்ந்தவாக்கில், கடிகாரத்தில் 3-ம் 9-ம் இருக்கும் இடங்களில் இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். ஒன்றும் தெரியவில்லை என்றார். வேகமாக ஆட்டாமல், ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுக்கச் சொன்னேன். 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். காதைவிட உள்ளங்கைக்குத்தான் அது முதலில் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால், மூட்டை மூடியிருந்த ரப்பர் உறை வெடித்து, உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் காய்ந்து கருத்த மண்ணாக ஒட்டியிருந்தது.

அந்த மூட்டு இருப்பது டோ லிங்க் என்ற மெலிந்த இரும்புத் தண்டின் முனையில். பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தண்டுதான். எலீஸின் முதல் இரண்டு தலைமுறைகளில் அதன் உள்பக்க மூட்டுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிடிமானம். ஊருக்குள் ஓட்டினால் பல வருடம் உழைக்கும். பந்தயத்தடத்தில் வளைவுக்கு வளைவு அழுத்தம் ஏறி இறங்கும்போது அது களைத்துப்போகும். ஒரு நாள் முறியும். முறிந்தால் அந்தச் சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும், ஸ்டியரிங்கில் என்ன வித்தை காட்டினாலும் கார் சுழலும். மூட்டை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற வலுவான மாற்று செட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. எலீஸோடு தடத்துக்குப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்லும் செலவு இதுதான். ஒரு குதிரைசக்திகூட இதனால் ஏறாது. அதனாலேயே பலருக்கு மனசு வராது.

டிராக் டே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: போட்டி நடக்காத நாட்களில் பந்தயத்தடத்தைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். பணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். பிரிட்டனில் இது பெரிய பொழுதுபோக்கு. நேரம் குறிக்கக் கூடாது, பரிசு கிடையாது. முன்னால் போகிறவர் வழி விட்டால்தான் முந்த வேண்டும், அதுவும் நேர்ப்பாதையில் மட்டும். காலையில் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடக்கும், அதில் உட்காராதவரை உள்ளே விடமாட்டார்கள். பிறகு வழிகாட்டும் காரின் பின்னால் மெதுவாகச் சில சுற்றுகள். மஞ்சள் கொடி தெரிந்தால் வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் நிதானமாக பிட் லேனுக்குத் திரும்பு. கறுப்புக் கொடி உன் காருக்குக் காட்டப்பட்டால் உன்னிடம் யாரோ பேச விரும்புகிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது பாராட்டாக இருக்காது.

தம்பி பணம் கட்டியிருந்த ஸ்நெட்டர்டன், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்த ஓடுதளம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்திலும் இப்படிப் போர்க்கால ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு பந்தயம் அங்கே இடம் மாறியது. எலீஸ் பிறந்த ஹெத்தல் தொழிற்சாலையும் நார்விச்சுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமானத்தளம்தான். தட்டையான நிலம், சும்மா கிடந்த கான்கிரீட், போர் முடிந்து வேலை தேடிய இயந்திரப் பைத்தியங்கள்: பிரிட்டிஷ் மோட்டார் பந்தயத்துக்கு இவைதான் உரம்.

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் வேகத்தைக் கூட்ட எடையைக் குறைத்தவர். 1982-ல் அவர் இறந்தாலும் அந்த எண்ணம் நிறுவனத்தில் தங்கிவிட்டது. 1996-ல் வந்த எலீஸ் அதற்கு நல்ல சான்று. அலுமினியச் சட்டங்களை வெல்டிங் செய்யாமல் எபாக்சி பசையால் ஒட்டிச் செய்த அடிச்சட்டத்தின் எடை 68 கிலோதான். முழுக் காரும் 725 கிலோ. அப்போது லோட்டஸின் தலைவராக இருந்த ரோமானோ ஆர்டியோலி, தன் பேத்தி எலீசாவின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2021-ல் கடைசி எலீஸ் வெளியே வந்தது. தம்பி வாங்கியது 2004-க்குப் பிறகு வந்த, டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின் பொருத்திய வகை. முதல் எலீஸைவிடக் கனமானதுதான், என்றாலும் நம் ஊர் செடான்களோடு ஒப்பிட்டால் இறகு.

எடை குறைந்தால் பிரேக்குக்கு வேலை குறையும், டயருக்குச் சுமை குறையும், எல்லாம் உண்மைதான். ஆனால் எடையைக் குறைத்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் தேவைக்கு மேல் தடிமனாக்கவில்லை. கையிருப்பு வலு அதிகம் வைக்காத கார் இது. இதில் ஒன்றை மேம்படுத்தினால், கூடிய சுமை நேராகப் போய் அடுத்த பலவீனமான இடத்தில் விழும்.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயத்தடத்துக்கென்று மென்மையான ரப்பரில் வரும் டயர்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். போட்ட அன்றே சுற்று வேகம் கூடும், எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு ஸ்நெட்டர்டனின் கோரம் வளைவுக்கு வாருங்கள். வலப்பக்கமாக முடிவில்லாமல் வளைந்துகொண்டே போகும் வளைவு அது. நல்ல டயர் இருந்தால் அதில் அதிக வேகத்தில், அதிக நேரம், பக்கவாட்டு விசையோடு போக முடியும். அந்த விசை காரில் இருக்கிற எல்லாவற்றையும் வெளிப்பக்கம் தள்ளும், இன்ஜினின் அடித்தொட்டியில் இருக்கும் ஆயிலையும் சேர்த்து. ஆயில் ஒரு சுவரில் ஏறி நின்றுகொள்ள, பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். இன்ஜின் அப்போது நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நொடி ஆயில் அழுத்தம் போனாலே பேரிங்குகள் தேய ஆரம்பித்துவிடும். டொயோட்டா இன்ஜின் எலீஸ்களில் இது தெரிந்த நோய். அடித்தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்த சம்ப் மாட்டுவதும், ஆயிலை அளவுக்குச்சியின் மேல்கோட்டில் வைத்திருப்பதும்தான் மருந்து. டயர் வாங்கும்போது இந்த சம்ப்பையும் கணக்கில் சேர்க்காதவர் பாதி டயர்தான் வாங்கியிருக்கிறார் என்பேன்.

அதே டயர்தான் டோ லிங்க்கின் சுமையையும் கூட்டுகிறது. தம்பிக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எல்லாத்தையும் மாத்தோணும்ங்களா?" என்றார். மாற்ற வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும் என்றேன். சாலை டயரிலேயே முதல் வருடம் ஓட்டுங்கள், அவை வழுக்குவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்கும். ஒட்டும் டயர்கள் அவ்வளவு பேசாது, பிடி விட்டால் சட்டென்று விடும். எந்த டயரானாலும் பக்கவாட்டில் உற்பத்தி வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் அச்சாகியிருக்கும். 1219 என்றால் 2019-ம் வருடத்தின் 12-வது வாரம். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

பிரேக்குக்கு வருவோம். ஸ்நெட்டர்டனின் பென்ட்லி நேர்ப்பாதையின் முடிவில் எலீஸ் 200 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வரும். அதிலிருந்து 80-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ என்று கணக்குப் போட்டால், சுமார் 13 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். நான்கு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது, நான்கே நொடியில். அடுத்த சுற்றில் மறுபடியும். டிஸ்க்கில் ஏறும் சூடு பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இவ்வளவு பெரிய ஆபத்துக்கு மருந்து, ஒரு புட்டி புது ஆயிலும் ஒரு மணி நேர வேலையும்தான். பெரிய காலிப்பர், துளை போட்ட டிஸ்க் என்று ஆயிரக்கணக்கில் பவுண்டு செலவழித்துவிட்டு மூன்று வருடப் பழைய ஆயிலோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். எடை குறைந்த காருக்கு நல்ல பேடும் புது ஆயிலும் இருந்தால், தொழிற்சாலை கொடுத்த பிரேக்கே தாராளம். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் வகையை மட்டும் இதோடு கலந்துவிடக் கூடாது. டாட் 5.1 வேறு, அது கலக்கலாம்.

பாதுகாப்புப் பொருட்களில் அதிகம் குழப்பம் வருவது இருக்கை வாரில். பந்தயக் காரில் இருப்பதுபோல் தோள்கள் இரண்டையும் இறுக்கும் ஹார்னஸைப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்பு அசையாது, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, அதுவரை சரி. மோதும்போது சாதாரண மூன்றுமுனை வார், உடம்பைக் கொஞ்சம் முன்னால் போகவிடும், தலையும் அதோடு சேர்ந்து போகும். ஹார்னஸ் தோளைப் பின்னால் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட்டின் எடையோடு தலை மட்டும் முன்னால் பாயும். முழுச் சுமையும் கழுத்தில். 2001-ல் டேடோனாவில் அமெரிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரான பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும் 1980-களிலேயே இதற்கு ஒரு கருவி செய்துவிட்டார்கள்: தோளில் உட்காரும் கழுத்துப்பட்டை, அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு நாடாக்கள். ஹான்ஸ் என்று பெயர். ஃபார்முலா 1-ல் 2003 முதல் கட்டாயம். ஹார்னஸ் வாங்கினால் ஹான்ஸும் வாங்குங்கள். இரண்டுக்கும் காசில்லையென்றால் காரோடு வந்த வாரே போதும்.

நான்குமுனை ஹார்னஸில் இன்னொரு சங்கடம். தோள்வார் இழுக்கும்போது இடுப்புவார் வயிற்றுக்கு மேலே ஏறும், உடம்பு அடியில் வழுக்கிப் போகும். தொடைகளுக்கு நடுவே வரும் வார்களோடு ஆறுமுனையாக இருப்பதே நல்லது.

கார் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது கூரையில்லாக் காரில் தனிக் கேள்வி. எலீஸில் இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் என்ற எஃகு வளையம் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கூரையில்லாக் கார்களை ரோல் பார் இல்லாமல் பல ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, வளையத்தின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேர்க்கம்பை வைத்துப் பாருங்கள். கம்பு ஹெல்மெட்டில் தட்டினால் அந்த வளையம் உங்கள் தலையைக் காக்காது. இருக்கையைத் தாழ்த்துவதற்கு ஆகும் செலவு சொற்பம். தம்பி உயரமான ஆள், அவருக்குத் தட்டியது. இருக்கைக்கு அடியில் இருந்த சறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு நேராக போல்ட் போட்டோம். சரியாகிவிட்டது.

காப்பீடு பற்றி ஒரு வரி: சாலைக்கு எடுத்த பாலிசி பெரும்பாலும் தடத்தில் செல்லாது, அந்த நாளுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். சத்தத்துக்கும் எல்லை உண்டு, சைலன்சரை மாற்றியவர்கள் காலையிலேயே வாசலில் மீட்டரைப் பார்த்து முகம் வாடித் திரும்புவார்கள்.

தம்பி டோ லிங்க், சம்ப், பேடு, ஆயில் நான்கையும் முடித்துக்கொண்டுதான் போனார். டிராக் டே அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடச் சொன்னேன். நிறுத்தியதும் அவர் கை பழக்கத்தில் கைபிரேக்குக்குப் போனது. "வேண்டாம் தம்பி, கியர்ல விடுங்க" என்றேன். கொதிக்கும் டிஸ்க்கை பேடு ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் படலம் ஒட்டி, பிறகு பெடல் அதிரும். சூட்டில் டயர் காற்று ஏறியிருந்தது, அதை இறக்கிவிட்டு ஓட்டினோம்.

சாயங்காலம் கிளம்பும்முன் பிட் லேனிலேயே டயர் காற்றைச் சாலை அளவுக்கு மறுபடி ஏற்றி, சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்து, தடத்துக்கான பேடுகளைக் கழற்றிப் பழையவற்றை மாட்டினோம். பந்தய பேடு ஆறிய நிலையில் கடிக்காது. ஏ11 சாலையின் முதல் ரவுண்டானாவில் லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும்போதுதான் அது தெரியும்.