மேட்டிலும் சேற்றிலும் பாயும் மோட்டார் சைக்கிள்

விளக்கோ, கண்ணாடியோ, ஒலிப்பானோ இல்லாத மோட்டார் சைக்கிள் வகை ஒன்று உண்டு. அதைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. செய்தவர்களும் சாலையை எண்ணி அதைச் செய்யவில்லை. உழுத வயல்போல் குலைந்த மண்ணிலும், ஆளுயர மேடுகளிலும், சக்கரம் பாதி புதையும் தடங்களிலும் அரைமணி நேரம் இடைவிடாது ஓடுவதே அதன் தொழில். மோட்டோகிராஸ் எனப்படும் பந்தயத்துக்கு உரிய இவ்வண்டி, குறைந்த எடையில் எவ்வளவு சக்தியைப் பெற முடியும் என்ற கேள்விக்கு எஞ்சினீயர்கள் கண்ட விடைகளுள் ஒன்றாகும். அவ்விடைக்கு ஒரு விலையும் உண்டு. சாலை வண்டி மாதக் கணக்கில் வேண்டும் கவனிப்பை இது மணிக்கணக்கில் வேண்டுகிறது.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் காம்பர்லி என்னுமிடத்தில் 1924-ஆம் ஆண்டு நடந்த ஓட்டத்தையே இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கூறுவர். 1947-இல் நெதர்லாந்தில் நாடுகளுக்கிடையிலான முதற்போட்டி நடைபெற்றது. 1957-இல் உலகச் சாம்பியன் பட்டம் ஏற்பட்டது. அந்நாளைய வண்டிகள் பெரும்பாலும் விளக்கும் பிறவும் கழற்றப்பட்ட கனமான நாலடிப்பு வண்டிகளே. கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த பால் ஃப்ரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் ஸி.இஸட். ஈரடிப்பு வண்டியில் 1966-இல் 500 கன சென்டிமீட்டர் பிரிவின் பட்டத்தை வென்றபின் எடை குறைந்த ஈரடிப்பு எஞ்சின்களே நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. 1997-இல் அமெரிக்கரான டக் ஹென்றி, யமஹா நிறுவனத்தின் நாலடிப்பு வண்டியில் லாஸ் வேகாஸ் பந்தயத்தை வென்றதும் காற்று மறுபடி திசைமாறியது. இன்று உலகச் சாம்பியன் போட்டியின் தலைமைப் பிரிவில் ஓடுபவை 450 கன சென்டிமீட்டர் நாலடிப்பு வண்டிகளாகும். நம் நாட்டிலும் 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புனே நகரில் ஆரம்பமான சூப்பர்கிராஸ் தொடரில் இத்தகைய வண்டிகள் ஓடின.

இந்த எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர்தான். எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனத்தின் 450 வண்டியில் சிலிண்டரின் விட்டம் 96 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 62.1 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் என்று கொண்டால், பிஸ்டன் ஒரு விநாடியில் 366 முறை முழுதும் நின்று திசை மாறுகிறது. அதன் சராசரி வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர். இத்தகைய எஞ்சின் 50 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. வண்டியின் எடையோ பெட்ரோலுடன் சேர்த்து 110 கிலோகிராம் அளவில் நிற்கிறது. ஆயினும் அதன் எண்ணெய்த் தொட்டி ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும். ஆகவே கிளட்சிலிருந்து தேயும் துகளும் எரிதலின் கசடும் விரைவில் எண்ணெயைக் கெடுத்துவிடுகின்றன. இதனாலேயே இவ்வண்டிகளின் பராமரிப்பு, ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. எஞ்சின் ஓடிய மணிகளைக் கொண்டே அளக்கப்படுகிறது. பிஸ்டனையும் வளையங்களையும் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுமாறு கூறும் கையேடும் உண்டு. 50 மணி வரை பொறுக்கும் கையேடும் உண்டு. மணிக்கணக்கியைப் பொருத்தாமல் ஞாபகத்தை நம்புவோர், பிஸ்டன் உடைந்த பின்னரே கணக்குப் பார்க்க உட்காருகின்றனர்.

எனினும், இவ்வெஞ்சினின் முதற்பகைவன் வேகமன்று, புழுதியே. 450 கன சென்டிமீட்டர் நாலடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அது ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்றை விழுங்கும். அரைமணி நேர ஓட்டத்தில் இது 60 கன மீட்டர், அதாவது 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறை நிறைந்த காற்று. அதுவும் முன்னே செல்லும் வண்டிகள் கிளப்பிய புழுதி மண்டிய காற்று. மணலின் பெரும்பகுதியான படிகக்கல் மோஸ் கடின அளவில் 7 ஆகும். சாதாரண இரும்பாணி 5-க்குச் சற்று மேல். உள்ளே புகுந்த மணல் துகள் அரம் செய்யும் வேலையைச் செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆதலின் காற்று வடிகட்டியைப் பேணுவதே பராமரிப்பில் முதலிடம் பெறுகிறது. அது நுரைப்பஞ்சினால் ஆனது. உலர்ந்த பஞ்சு நுண்ணிய தூசியைத் தடுக்காது. பஞ்சில் ஊறிய பிசுபிசுப்பான எண்ணெயே தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு முறை ஓடிய பின்பும் பஞ்சைக் கழற்றி, அதற்குரிய திரவத்தில் கழுவி, பிறகு சோப்பு நீரில் அலச வேண்டும். துணியைப் போல் முறுக்கிப் பிழிந்தால் ஒட்டிய விளிம்பு கிழியும். உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அமுக்கிப் பிழிதலே முறை. பெட்ரோலில் கழுவுவது பலருக்குப் பழக்கம். அது ஒட்டுப்பசையைக் கரைப்பதுடன் தீ விபத்துக்கும் வழிசெய்வதால் அறவே விலக்கத்தக்கது. நிழலில் உலர்ந்த பஞ்சில் எண்ணெயை ஊற்றி, நிறம் எங்கும் ஒன்றாகும் வரை பிசைந்து, மிகுதியை அமுக்கி எடுத்துவிட்டு, உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டும். வேலை சரியாக நடந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அடுத்த ஓட்டம் முடிந்ததும் வடிகட்டிக்கு அப்பாலுள்ள காற்றுக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்க, துணியில் சிறிதேனும் மண் படிந்தால் எங்கோ வழி இருக்கிறது என்பது பொருள்.

அந்தச் சிறிது மண் என்ன செய்யும் என்பதை வால்வு காட்டுகிறது. அதிவேக எஞ்சின்களில் எடை குறைய வேண்டி உள்ளிழுக்கும் வால்வுகளை டைட்டேனியத்தால் செய்து, மேலே மெல்லிய கடினப்பூச்சு ஏற்றுகின்றனர். மணல் அப்பூச்சை உராய்ந்து போக்கியதும் வால்வின் முகம் விரைந்து தேய்ந்து, வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்கிறது. அமிழும் வால்வின் மறுமுனை மேலேறுவதால், அதற்கும் அதை இயக்கும் காம் தண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி குறைகிறது. தேய்மானம் என்றால் இடைவெளி கூடும் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது வியப்பாயிருக்கலாம். இடைவெளி முற்றும் அற்றுப்போனால் வால்வு முழுதும் மூடாது, அழுத்தம் கசியும், வண்டி எளிதில் கிளம்பாது. மெல்லிய ஷிம் வில்லையை மாற்றி இடைவெளியைச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு முறை சரிசெய்தது சில மணி நேரத்திலேயே மீண்டும் குறையுமாயின் பூச்சு போய்விட்டது என்று கொண்டு வால்வையே மாற்றுதல் வேண்டும். அதன்பின்னும் ஓட்டினால் வால்வின் தலை முறிந்து பிஸ்டன்மீது விழக்கூடும். மேட்டைத் தாண்டும் நேரத்தில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றால் நேர்வது எஞ்சினுக்கு மட்டுமான சேதமன்று.

இனி அதிர்வு தாங்கும் அமைப்பு. 1973-இல் பெல்ஜிய எஞ்சினீயரான லூஸியன் டில்கென்ஸின் கருத்தை ஒட்டி, பின்புறம் ஒரே அதிர்வுதாங்கி அமைந்த யமஹா வண்டியில் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆண்டர்சன் 250 பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். அதுவரை 100 மில்லிமீட்டர் அளவில் இருந்த பின்சக்கர அசைவு சில ஆண்டுகளுக்குள் 300 மில்லிமீட்டரை எட்டியது. இதன் பயனைக் கணக்காலேயே அறியலாம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், அதன் வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 20 மடங்காகும். 30 சென்டிமீட்டரில் நிறுத்தப்பட்டால் 7 மடங்குக்கும் குறைவே. ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 185 கிலோகிராம் எனில், அவ்வீழ்ச்சியின் சக்தி 3,600 ஜூல். சுருள்வில் அதை வாங்கி வைக்கிறதேயன்றி அழிப்பதில்லை. சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெயே அதை வெப்பமாக மாற்றுகிறது. அவ்வெப்பத்தில் எண்ணெய் கெடுவதால் அதையும் காலந்தவறாது மாற்ற வேண்டியிருக்கிறது.

சுருள்வில் ஓட்டியின் எடைக்கு ஏற்றதுதானா என்பதை ஓர் அளவுநாடாவே கூறிவிடும். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சுக்கும் பின்மட்கார்டில் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அது 600 மில்லிமீட்டர் என்போம். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது 565 ஆகிறது. முழு உடையுடன் ஓட்டி ஏறினால் 497 ஆகிறது. வண்டியின் எடையால் 35, ஓட்டியுடன் 103 மில்லிமீட்டர் தாழ்வு. இவை ஏற்ற அளவுகளே. இப்போது உடல் கனத்த ஒருவர் அதே வண்டியில் ஏறுகிறார். தாழ்வு மிகுவதால், வில்லின் முன்னிறுக்கத்தைக் கூட்டி 103-க்குக் கொண்டுவருகின்றனர். ஆனால் அவர் இறங்கியபின் வண்டி 10 மில்லிமீட்டர்தான் தாழ்கிறது. வில் மிகக் கடினம் என்று பார்ப்பவர் நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. முன்பு ஆள் ஏறியதால் நேர்ந்த மாற்றம் 68 மில்லிமீட்டர்; இப்போது 93. அவ்வளவு தூரம் அமுங்கும் வில் அவருக்கு மென்மையானதே. கடினமான வேறு வில்லைப் பொருத்துவதே வழி. ஹூக் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

ஓட்டும் முறையும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. குலுங்கும் தரையில் ஓட்டி இருக்கையில் அமர்வதில்லை. பாதக்கட்டைகள்மேல் முழங்கால் சற்றே மடங்க நின்று, வண்டியை முழங்கால்களால் பற்றிக்கொள்கிறார். கால்கள் இரண்டாவது அதிர்வுதாங்கிகள் ஆகின்றன. கைகளால் இறுகப் பற்றுவோரின் முன்கைத் தசைகள் சில நிமிடங்களில் விறைத்து, பிரேக் பிடிக்கவும் விரல் வணங்காது போகும். வளைவில் மட்டும் அவர் முன்னால் நகர்ந்து அமர்ந்து, உட்புறக் காலை நீட்டி, எடையை வெளிப்புறக் கட்டையில் ஊன்றுகிறார்.

வானில் பறக்கும் வண்டியைத் திருத்த முடியுமா என்பது சுவையான கேள்வி. முடியும். தரையோடு தொடர்பற்ற வண்டியில் சுழற்சி உந்தத்தின் மொத்த அளவு மாறாது. பின்சக்கரத்தைப் பிரேக்கால் நிறுத்தினால், சக்கரம் இழந்த சுழற்சியை வண்டியின் உடல் ஏற்று அதே திசையில் திரும்ப, மூக்கு கீழே தாழ்கிறது. திராட்டிலைத் திறந்து சக்கரத்தை விரைவுபடுத்தினால் உடல் எதிர்த்திசையில் திரும்பி மூக்கு எழுகிறது. பிரேக் பிடிக்கும்போது கிளட்சையும் பிடிக்க மறந்தால் எஞ்சின் நின்றுவிடும் என்பதைப் புதிதாகக் கற்போருக்கு முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. சுழல் நாற்காலியில் அமர்ந்த மாணவன், வேகமாகச் சுழலும் சைக்கிள் சக்கரத்தைக் கிடையாகப் பிடித்துக் கையால் நிறுத்தினால் நாற்காலி திரும்புவதை வகுப்பிலேயே காட்டலாம். இறங்குமிடம் சரிவாயிருப்பதும் இன்றியமையாதது. சரிவுக்கு இணையாக வந்திறங்கும் வண்டியின் அதிர்ச்சி, சமதரையில் விழும் வண்டியின் அதிர்ச்சியில் சிறு பங்கே ஆகும்.

டயர்களில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 ராத்தல் மட்டுமே. மண்ணைப் பற்ற அது உதவும். ஆனால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடாதபடி, அதை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு ஒன்றும் வேண்டியிருக்கிறது. புதுச் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் முதல் சில மணி நேரத்தில் தளரும். ஒவ்வொன்றையும் சாவியால் தட்டினால் இறுகிய கம்பி மணிபோல் ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். செயினை முழுதும் இறுக்குவதும் தவறு. முன் பற்சக்கரம், பின்கவையின் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுகும். வண்டி நிற்கையில் தளர்ச்சியின்றிக் காணும் செயின், மேட்டிலிருந்து இறங்கும் கணத்தில் அறுந்துவிடும்.

ஓட்டம் முடிந்து கழுவும்போது நீரைப் பீறிட்டடிக்கும் குழாயைத் தாங்கிகளின் அருகே பிடித்தலாகாது. நீர் மூடிகளைக் கடந்து கிரீஸை வெளியேற்றிவிடும். ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு நிற்கலாகாது. இவ்வண்டிகளில் பொதுவாக மின்விசிறி இல்லாததால், நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டால் நீர் கொதித்து வெளியேறும். நம் கோடையில் இது சில நிமிட வேலை. எல்லாம் முடிந்தபின், எஞ்சினைக் கிளப்புமுன், திராட்டில் பிடியை முழுதும் திருகிக் கையை எடுத்துவிட வேண்டும். அது 'டக்' என்ற ஓசையோடு தானே மூடிக்கொள்ள வேண்டும்; கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பியும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். சற்றே தயங்கி மூடினாலும், பிடியினுள் மணல் புகுந்திருக்கிறது எனக் கொண்டு கழற்றித் துடைக்காமல் வண்டியைத் தடத்தில் இறக்கக் கூடாது.