உங்களுக்குத் தெரியுமா? கொலாபாவில் உருவான கியூபிட்

மும்பை கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், மின்தடையற்ற மீகடத்திச் சுற்றுகளால் உருவாக்கிய ஆறு கியூபிட் குவாண்டம் செயலியின் முழுச் சோதனை, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் புனே ஆய்வகத்துடன் இணைந்து முடிக்கப்பட்டதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

சாதாரணக் கணினியின் பிட் 0 அல்லது 1 என ஒரு மதிப்பையே ஏற்க, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கவல்லது என்பதால், ஆறு கியூபிட்கள் சேர்ந்து 64 நிலைகளின் கலவையைத் தாங்குகின்றன; வெப்பத்தால் அது கலையாதிருக்க, சில்லு மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வைக்கப்படுகிறது.

இத்தகைய கணினிகள் பெருமளவில் வளர்ந்தால், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவதன் கடினத்தையே அரணாகக் கொண்ட ஆர்எஸ்ஏ மறையாக்கம் உடையும் என்பதைக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். இன்று திருடிச் சேமிக்கப்படும் ரகசியம் நாளை படிக்கப்படலாம் என்பதால், அதைத் தடுக்கும் புதிய மறையாக்கத் தரங்களை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அதே 2024 ஆகஸ்டில் வெளியிட்டது.