கழுத்திலிருந்து எழும் தலைவலி

உத்தமபாளையம் பகுதித் திராட்சைப் பந்தல்களின் கீழ் நாள் முழுவதும் அண்ணாந்து நின்று கவாத்து செய்வோருக்கும், குனிந்தே தையல் வேலை செய்வோருக்கும் கழுத்து எளிதில் களைத்துவிடும். பிடரியில் தொடங்கி, ஒருபக்கமாக ஏறி, கண்வரை பரவும் தலைவலி கழுத்தைத் திருப்பும்போது கூடினால், அதன் வேர் கழுத்தில் இருக்கக்கூடும்.

கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் ஓரிடத்தில் இணைவதால், கழுத்து மூட்டின் வலியை மூளை நெற்றி வலியாக உணர்கிறது. மாத்திரை வலியைத் தணிக்கும், தசையை வலுப்படுத்தாது. மாதத்தில் 15 நாள்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் பயிற்சி செய்தோருக்குத் தலைவலி குறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்தது.

நாங்கள் முதலில் கற்பிப்பது எளிய பயிற்சியே. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆம்' என்பதுபோல் மோவாயை மெல்லத் தாழ்த்துங்கள். 10 விநாடி நிறுத்துங்கள். 10 முறை செய்யுங்கள். நாளுக்கு இருவேளை போதும். கழுத்தின் முன்தசை புடைத்தால் விசை மிகுதி; வீட்டார் அருகிலிருந்து கவனிப்பது நலம். வலி கூடினால் நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

திடீரெனத் தாங்கவியலாத தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்வு, பேச்சுக் குழறல், அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்குப் பயிற்சி மருந்தன்று. உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.